ஊருக்கு உழைத்தவரின் பெயரைத் தெருவிலும் பூங்காவிலும் நிலைநிறுத்துவது எப்படி

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கித் தங்குவதற்கு அறை தேடுகிறவர் எவரும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயரைக் கேட்காமல் ஊருக்குள் நுழைவதில்லை. 1837-ஆம் ஆண்டு வாக்கில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், ஊரைச் சுற்றியிருந்த கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்துப் புதிய வீதிகள் அமைத்தபோது, அந்த வேலையில் முன்நின்ற இருவரின் பெயர்கள் மாரட் வீதி என்றும் பெருமாள் மேஸ்திரி வீதி என்றும் நிலைத்துவிட்டன. பிளாக்பர்னுக்கு ஊர்மக்கள் நன்றியாக எழுப்பிய விளக்குத்தூண் திருமலை நாயக்கர் மகாலுக்கு அருகில் இன்றும் நிற்கிறது. ஆனால் அந்தப் பக்கம் ஜவுளி எடுக்க வருகிற கூட்டத்தில், அது யாருடைய நினைவாக நட்ட தூண் என்று சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. கலெக்டர் பெயர் மறைய, மேஸ்திரி பெயர் நிலைத்ததற்குக் காரணம் எளியது: மேஸ்திரியின் பெயர் வீட்டு முகவரியில் ஏறிவிட்டது. நகரமைப்பு, பூங்கா, குடிநீர், வடிகால் போன்ற பணிகளில் உழைத்த ஒருவரைச் சிறப்பிக்க நினைக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்தார் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி இதுதான்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில், பதவியைப் பார்க்காமல் வேலையைப் பாருங்கள். வார்டு உறுப்பினராக இருந்தவர், மாநகராட்சியில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனு மேல் மனு கொடுத்துப் பூங்கா இடத்தை மீட்ட சங்கத் தலைவர் ஆகிய மூவரும் ஒரே தகுதி உடையவர்களே. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலைகள் நீங்கலாகப் பத்து சதவீத நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும் என்பது விதி. நாம் ‘ஓ.எஸ்.ஆர். இடம்’ (திறந்தவெளி ஒதுக்கீட்டு இடம்) என்று சொல்லும் அந்த நிலத்தில் ஒருநாள் காலையில் திடீரென்று கம்பிவேலி முளைக்கும்போது, பத்திர நகலோடு போய் நின்றவர் ஒருவர் எல்லாப் பகுதியிலும் இருப்பார். என் கருத்தில், பூங்காவைத் திறந்து வைத்தவரைவிட அவருக்கே முதல் மரியாதை உரியது.

ஆளை முடிவு செய்த பின், அவர் செய்த வேலையை ஆவணத்தால் உறுதி செய்துகொள்ளுங்கள். ஊர்ப்பேச்சில் ஒரு பூங்காவுக்கு நான்கு தந்தையர் இருப்பது வழக்கம். பழைய அடிக்கல், சங்கத்தின் தீர்மானப் புத்தகம், மனுக்களின் ஒப்புதல் சீட்டு ஆகியவற்றைத் திரட்டுங்கள். கிடைக்காதவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால், முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும். கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்: இந்தப் பூங்காவுக்கான மாமன்றத் தீர்மானத்தின் எண், நாள், நகல். “பூங்கா பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்” என்று எழுதினால், எதுவும் இல்லாத ஒரு பதில்தான் வரும்.

அடுத்து, மரியாதையின் வடிவம். சிலை என்ற பேச்சு எழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் புதிய சிலைக்கு மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று உத்தரவிட்டிருக்கிறது. பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதிய பெயர் வைப்பதும் வேண்டாம். மாசி வீதி, ஆவணி மூல வீதி என்று திருவிழா நடக்கும் மாதத்தைச் சொல்லும் பெயர்களை மாற்றக் கேட்டால் ஊர் ஏற்காது; ஏற்கவும் கூடாது. விரிவாக்கப் பகுதிகளில் ‘4-ஆவது குறுக்குத் தெரு’ என்று எண் மட்டும் தாங்கி நிற்கும் தெருக்கள் எத்தனையோ உள்ளன. அவை பெயருக்காகக் காத்திருக்கின்றன. பெயர் நாவில் தங்கும் அளவுக்குச் சுருக்கமாக இருக்கட்டும். விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் பெயரில் வைகையின் குறுக்கே 1889-இல் திறந்த பாலம் இன்று ஏ.வி. பாலம்தான், பட்டங்களோடு பத்துச் சொல்லில் நீங்கள் வைக்கும் பெயரும் ஒரு வாரத்தில் இரண்டு எழுத்தாகிவிடும். சாதிப் பின்னொட்டு அறவே வேண்டாம். வாழ்கின்றவராக இருந்தால் தெருப் பெயரைப் பிற்காலத்துக்கு விட்டு, இப்போது பாராட்டு விழாவோடு நிறுத்துவதே நல்லது. இரு தரப்புக்கும் சங்கடம் இல்லை.

இனி நடைமுறை. அந்தச் சாலை மாநகராட்சிக்கு உரியதா நெடுஞ்சாலைத் துறைக்கு உரியதா என்று முதலில் மண்டல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல் கொடுத்த மனு மேசைக்கு மேசை நகர்ந்து ஆறு மாதம் தின்றுவிடும். மாநகராட்சிக்கு உரியது என்றால், சங்கப் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, தெருவாசிகளின் கையொப்பமும் குடும்பத்தாரின் சம்மதக் கடிதமும் இணைத்து, பகுதி சபைக் கூட்டத்தில் பதிவு செய்து, வார்டு உறுப்பினர் வழியாகவும் தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகையில் ஆணையருக்கு நேரடியாகவும் கொடுங்கள். பெயர் சூட்டும் முடிவு மாமன்றத் தீர்மானமாக வந்தால்தான் நிற்கும். அரசின் ஒப்புதலும் தேவையா என்பதை அப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்வெட்டில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். எங்கள் குடியிருப்புப் பூங்காவில் முதலில் வைத்த கல்லில், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர்கள், வரவேற்றவர் என்று பதினான்கு பெயர்கள் இருந்தன. யாருக்காகக் கல் வைத்தோமோ அவர் பெயர் கடைசி வரிக்கு மேல் வரியில், விரல் நக அளவில் இருந்தது. அவருடைய மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கல்லருகே குனிந்து தேடியதைப் பார்த்தபின் எங்களில் யாருக்கும் அன்று பாயசம் இறங்கவில்லை. இரண்டாவது கல்லுக்குப் போனபோது கல்வெட்டுக்காரர் ஒரு வழி சொன்னார்: “தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்டிட்டு, பத்தடி தள்ளி நின்னு படிங்க சார். படிக்க முடியாததைக் கல்லுல வெட்டாதீங்க.” அப்படி ஒட்டிப் படித்ததில் பதினான்கு பெயர்கள் இரண்டாகச் சுருங்கின. பெயர், வாழ்ந்த ஆண்டுகள், அவர் செய்த வேலை ஒரே வாக்கியத்தில், தீர்மான எண், நாள். இவ்வளவே கல்லுக்குப் போதும். ‘மக்கள் தொண்டர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘இந்த நிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டவர்’ என்று எழுதுங்கள். கருங்கல்லில் எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லிப் பின்னர் வண்ணம் நிரப்புங்கள். மேலோட்டமாகக் கீறிய எழுத்தில் பூசிய தங்க வண்ணம் இரண்டு கோடையைக்கூடத் தாங்காது. உயரம், நிற்பவரின் கண்மட்டம்.

விழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மல்லிகை மாலை ஒன்று, பொன்னாடை ஒன்று, அவரோடு வேலை பார்த்த தோட்டப் பணியாளரோ குழாய்ப் பணியாளரோ பேச ஐந்து நிமிடம். நாளை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக்குக்குக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். பொங்கல் நாளோடு சேர்ந்துகொண்டதால் யாரும் நினைவூட்டாமலே ஆண்டுதோறும் நடக்கிறது. உங்கள் பகுதியிலும் அப்படிக் கூட்டம் தானாகக் கூடும் ஒரு நாளோடு இணைத்துவிடுங்கள்.

பலகை மாட்டிய மறுநாள், தீர்மான நகலோடு அஞ்சல் நிலையத்துக்கும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்து, கூகுள் மேப்பிலும் புதிய பெயரைச் சேர்க்கச் சொல்லி அனுப்புங்கள். மூலைக் கடை, தையல் கடை, மாவு அரைக்கும் இடம் ஆகியவற்றின் பெயர்ப் பலகைகளில் பழைய எண்ணை அழித்துப் புதிய பெயரை எழுதும் பெயின்டர் செலவைச் சங்கமே ஏற்கட்டும். விழாச் செலவில் நாற்காலி வாடகையைக் குறைத்தால் அந்தத் தொகை வந்துவிடும்.