4 கோடி இலக்க எண்ணை எழுதாமலே ஆராய்வது எப்படி?

2024 அக்டோபரில் அமெரிக்காவின் லூக் டுரான்ட், பெரிய பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் (GIMPS) கூட்டுத் திட்டத்தின் வழியாக ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். அதுவரை தெரிந்த பகா எண்களில் அதுவே பெரியது. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி 1-ஐக் கழித்தால் அந்த எண் கிடைக்கும். இது பகா எண்தானா என்று சோதிப்பது நம் வேலையல்ல. அதற்கு வரைகலைச் செயலிகள் (GPU) உழைத்தன. எத்தனை இலக்கம், எப்படித் தொடங்குகிறது, எதில் முடிகிறது என்று மட்டும் பார்ப்போம். இதற்குத் தாளும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

1. இலக்கங்களின் எண்ணிக்கை

அடுக்கை (13,62,79,841) 2-இன் மடக்கையால் (10-ஐ அடிமானமாகக் கொண்ட log 2) பெருக்குங்கள். வரும் விடையின் முழுப் பகுதியோடு 1-ஐக் கூட்டினால் இலக்க எண்ணிக்கை. கடைசியில் 1-ஐக் கழிப்பதால் இது மாறாது, ஏனென்றால் 2-இன் அடுக்கு எதுவும் 0-வில் முடிவதில்லை.

கேட்க எளிது. ஆனால் சிக்கலே இங்கேதான். பள்ளி லாக் டேபிளில் உள்ள 0.3010-ஐப் போட்டால் 4,10,20,233 என்று வரும். நாலாயிரத்துக்கும் மேல் குறைகிறது! சரி, 0.30103 போடலாம் என்றால் 4,10,24,321. இது இன்னும் ஆபத்தானது. ஒன்றே ஒன்றுதான் கூடுதல் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. அடுக்கில் ஒன்பது இலக்கம் இருக்கிறது. மடக்கையில் உள்ள மிகச் சிறிய பிழையும் 13 கோடி மடங்குக்கும் மேல் பெருகும். ஆகவே தசமப் புள்ளிக்குப் பின் 12 இலக்கமாவது வேண்டும்: 0.301029995664.

இப்போது விடை 41024319.94532. ஆக, 4,10,24,320 இலக்கங்கள்.

பின்னப் பகுதியைத் தூக்கிப் போடாதீர்கள். 10-இன் 0.94532-ஆம் அடுக்கு 8.8169… நம் எண் 8816… என்று தொடங்குகிறது. இதற்குக் கைபேசிக் கால்குலேட்டரை நான் நம்புவதில்லை. கணினியில் உள்ள விண்டோஸ் கால்குலேட்டரின் அறிவியல் முறையே மேல்.

2. கடைசி இலக்கங்கள்

2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று சுழலும். அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 2, ஒன்றைக் கழித்தால் 1. எண் 1-இல் முடிகிறது.

கடைசி இரண்டு இலக்கத்துக்குச் சுழற்சி 20. (பின்சேர்க்கை: "எனக்கு 01 வருகிறதே" என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். 20-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் 2-இன் முதல் அடுக்கான 02-ஐ எடுத்துவிட்டார்கள். ஆனால் 02 இந்தச் சுழற்சியிலேயே இல்லை, அது இரண்டாம் அடுக்கான 04-இல்தான் தொடங்குகிறது. எனவே 21-ஆம் அடுக்கான 2097152-ஐ எடுங்கள்: 52.) கழித்தால் 51.

3. 9-ஆல் வகுத்தால்?

2, 4, 8, 7, 5, 1 என்று ஆறு மீதிகள் சுழலும். அடுக்கை 6-ஆல் வகுத்தால் மீதி 5, ஐந்தாவது இடத்தில் இருப்பதும் 5. ஒன்று போக 4. அதாவது நாலு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி 9-ஆல் வகுத்தாலும் 4-தான் மிஞ்சும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு: மீதிகளை அது நொடியில் தரும். ஆனால் முழு எண்ணையும் அச்சிடச் சொன்னால் புதிய பதிப்புகள் மறுக்கும்; இயல்பான வரம்பு 4300 இலக்கம். அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு கேள்வி

இந்தப் பகா எண்ணோடு 2-இன் 13,62,79,840-ஆம் அடுக்கைப் பெருக்கினால் ஒரு நிறைவெண் (தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்; 6 = 1 + 2 + 3 போல) கிடைக்கும். அதற்கு எத்தனை இலக்கம் என்று ஒருவர் கேட்டார். நம் விடையை இரட்டிப்பாக்கினால் 8,20,48,640. அது சரிதான், ஆனால் தற்செயலாகச் சரி. இரண்டு எண்களின் மடக்கைப் பின்னங்களும் (0.945, 0.644) சேர்ந்து 1-ஐத் தாண்டுவதால்தான் அப்படி வந்தது; தாண்டாமல் இருந்திருந்தால் ஒன்று குறைந்திருக்கும்.