ஓடைக்கரை நிலம்: வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

பெங்களூரில் வேலை, கனகபுரா பக்கம் 2 ஏக்கர். இப்படி நம் ஆட்கள் வாங்கும் நிலங்களில் பல அர்க்காவதி ஆற்றையோ அதில் சேரும் ஓடைகளையோ ஒட்டியிருக்கின்றன. வேலி, போர்வெல் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. கரையைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

கரை மரங்களை எடுத்து நிலத்தை நீட்டுவது

கணக்கு ஆசை காட்டும். 100 மீட்டர் நீளக் கரையில் 10 மீட்டர் அகலத்துக்கு மருது, புங்கன், நாவலை எடுத்தால் கிட்டத்தட்ட 10 குண்டே, அதாவது கால் ஏக்கர் கூடும். முதல் மழையில் ஒன்றும் ஆகாது. வினையே அதில்தான். வெட்டிய மரத்தின் வேர் இன்னும் சில வருடம் மண்ணைப் பிடித்திருக்கும். அது மக்கிய பிறகே கரை விழும். பழி மழை மேல் போகும்.

வெள்ளம் அடிமண்ணை அரித்துவிடும், மேல்மண் ஊறிக் கனத்து நிற்கும். நீர் நிறைய ஓடும்வரை அந்த நீரே கரைக்கு முட்டு. சட்டென்று வடிந்ததும் கரை பாளம் பாளமாகச் சரியும். வெள்ளம்தான் போய்விட்டதே என்று மோட்டாரைப் பார்க்க ஓடுகிறவர்கள் கவனம்: விளிம்புக்கு இணையாக நீள விரிசல் தெரிந்தால் அதைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள்.

பிறகு கல் சுவர் எழுப்புவார்கள். அஸ்திவாரம் ஓடைப்படுகைக்குக் கீழே இறங்காவிட்டால் நீர் அதையும் தோண்டும். தப்பி நின்றாலும், சுவரில் மோதித் திரும்பும் வேகம் கீழ்நிலத்துக்காரரின் கரையைத் தின்னும்.

இத்தனைக்கும் அந்தக் கால் ஏக்கர் உங்களுடையதுதானா? பகணியில் (கர்நாடக நில உரிமைப் பதிவேடு) ‘பி கராப்’ என்று கழித்திருக்கும் பரப்பு பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது. ஓடைகள் அதில்தான் வரும். சொந்த நிலத்து மரமானாலும், விலக்குள்ள சில வகைகள் போக, மற்றவற்றை வெட்ட 1976ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி வேண்டும்.

அர்க்காவதி காவிரியில் சேரும் சங்கமத்துக்குக் கீழே காவிரிக்கரையில் வாழும் சாம்பல் மலை அணில் பெரும்பாலும் கிளைக்குக் கிளை தாவியே நகரும். நடுவில் ஒரு வயல் விழுந்தால் அதன் வழி அங்கேயே அறுந்தது.

ஒரே வரிசை கன்று நட்டு ஓய்வது

கரையோர முதல் 5 மீட்டரில் கை வைக்காதீர்கள். அடுத்த 10 மீட்டரில் புங்கன், நாவல், அத்தி கலந்து நடலாம். வயலை ஒட்டி 5 மீட்டர் அடர்ந்த புல். வண்டலை நிறுத்துவது புல். உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டை மடக்குவது வேரும் மண்ணின் நுண்ணுயிரும்.

சரிவில் உழுவது

இத்தனை பசுமையும் வீணாக, சரிவோடு இறங்கும் ஒரே ஒரு சால் போதும். மழைநீர் பரவி நடந்தால்தான் வடிகட்டும். வாய்க்காலாகப் பாய்ந்தால் மண்ணும் யூரியாவும் நேரே ஓடைக்கு. சரிவுக்குக் குறுக்கே உழுங்கள்.

கரையில் தைலமரம்

வேண்டாம்.

உண்ணிச்செடியை ஜேசிபியால் வாருவது

புதரடியில் நாவல், மருதுக் கன்றுகள் இருக்கும், அவையும் போகும். மண்மட்டத்துக்கு 3–5 செ.மீ. கீழே தாய்வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். முழுக்கரையையும் ஒரே மூச்சில் வேண்டாம். மரக்கன்று பிடிக்கும்வரை மண்ணைத் தாங்குவதும் அந்தப் புதர்தான்.