5 வோல்ட் ஆர்டுயினோவில் 3.3 வோல்ட் ஃபிளாஷ் மெமரியை இணைப்பது எப்படி?

ஆர்டுயினோ உனோவின் பின்கள் 5 வோல்ட் தரும். டபிள்யூ25க்யூ64 ஃபிளாஷ் சிப் 2.7 முதல் 3.6 வோல்ட் சப்ளையில் ஓடும். நேரடியாக ஒயர் போட்டாலும் பல நேரம் வேலை செய்துவிடும், அதனால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் டேட்டாஷீட்டின்படி எந்தப் பின்னிலும் மின்னழுத்தம் சப்ளையைவிட 0.4 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. 3.3 வோல்ட் சப்ளை என்றால் 3.7தான் எல்லை.

முதலில் திசையைப் பாருங்கள்

கிளாக், டேட்டா உள்ளீடு, சிப் செலக்ட் (லோ ஆனால் சிப்பைப் பேச அழைக்கும் லைன்) மூன்றும் உனோவிலிருந்து ஃபிளாஷுக்குப் போகின்றன. இவற்றை இறக்கியே ஆக வேண்டும். திரும்பி வரும் டேட்டா லைனின் கணக்கு வேறு. ஃபிளாஷ் குறைந்தது 3.1 வோல்ட் தரும். உனோவின் மூளையான ஏடிமெகா328பி சிப், தன் சப்ளையில் 60 சதவீதத்தை, அதாவது 3.0 வோல்ட்டை 'ஹை' என்று ஏற்கும். எனவே நேரடி ஒயர் போதும். இடைவெளி 0.1 வோல்ட்தானே என்று தோன்றலாம். உள்ளீட்டுப் பின் மின்னோட்டமே எடுக்காததால் நடைமுறையில் ஏறக்குறைய முழு 3.3 வோல்ட்டும் வந்து சேரும்.

   

எந்த ஷிஃப்டர்?

சிக்னலின் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சுற்றுதான் லெவல் ஷிஃப்டர். பிஎஸ்எஸ்138 டிரான்சிஸ்டர் வைத்த ஷிஃப்டர் மாட்யூலை எஸ்பிஐக்கு (உனோவும் ஃபிளாஷும் இந்த லைன்கள் வழியே பேசிக்கொள்ளும் முறை) எடுக்காதீர்கள். அதில் சிக்னலை மேலே இழுப்பது வெறும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். லைனில் 50 பிக்கோஃபாரட் இருந்தால் நேர மாறிலி (சிக்னல் எவ்வளவு மெதுவாக ஏறும் என்பதன் அளவு) 500 நானோ செகண்ட். 4 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின் பாதிச் சுழற்சி 125 நானோ செகண்ட்தான், அதற்குள் சிக்னல் ஏறி முடிக்காது.

1 கிலோ, 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் ஆன மின்னழுத்தப் பிரிப்பான் சோதனைக்குப் போதும். நாங்கள் பரிந்துரைப்பது 74ஹெச்சி4050 என்ற பஃபர் சிப், அதாவது வாங்கிய சிக்னலைத் தன் சப்ளை அளவில் திருப்பித் தரும் சிப். 3.3 வோல்ட்டில் ஓடும்போதும் அதன் உள்ளீடு 15 வோல்ட் வரை தாங்கும். 74ஹெச்சி125 போன்றவை இதற்கு மாற்றல்ல: அவற்றின் உள்ளீட்டில் சப்ளையை நோக்கி டையோடு உண்டு, 5 வோல்ட் அதன் வழியே 3.3 வோல்ட் சப்ளைக்குள் பாயும். பழைய சிடி4050 3.3 வோல்ட்டில் மிகவும் மெதுவானது.

இணைப்பு

தேவை: உனோ, ஃபிளாஷ், 74ஹெச்சி4050, 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் இரண்டு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூன்று.

1. 4050-இன் பின் 1-க்கு 3.3 வோல்ட், பின் 8-க்கு கிரவுண்ட். பழக்கத்தில் பின் 16-க்கு சப்ளை கொடுத்துவிடாதீர்கள். இந்தச் சிப்பில் அது எதனுடனும் இணைக்கப்படாத பின்.
2. உனோ 13 → 4050 பின் 3. பின் 2 → ஃபிளாஷ் 6.
3. உனோ 11 → பின் 5. பின் 4 → ஃபிளாஷ் 5.
4. உனோ 10 → பின் 7. பின் 6 → ஃபிளாஷ் 1.
5. ஃபிளாஷ் 2 → உனோ 12, நேரடியாக.
6. ஃபிளாஷ் 8-க்கு 3.3 வோல்ட், 4-க்கு கிரவுண்ட். பின் 3, 7 இரண்டையும் தனித்தனி 10 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுங்கள்.
7. மூன்றாவது 10 கிலோ ஓம், 4050-இன் பின் 7-இலிருந்து 5 வோல்ட்டுக்கு. ரீசெட் நேரத்தில் உனோவின் பின்கள் மிதக்கும். இது சிப் செலக்ட்டை ஹையில் வைத்திருக்கும். ஃபிளாஷ் பக்கம் போட்டால் பயனில்லை, அங்கே 4050-இன் வெளியீடு சொல்வதுதான் நடக்கும்.
8. பயன்படாத உள்ளீடுகள் 9, 11, 14 கிரவுண்டுக்கு. இரு சிப்களின் சப்ளைப் பின்னருகே ஒவ்வொரு கப்பாசிட்டர்.

சோதனை

ஃபிளாஷைச் செருகும் முன் உனோவின் 10, 11, 13 பின்களை ஹை ஆக்கி, 4050-இன் 2, 4, 6 பின்களை மல்டிமீட்டரில் அளவிடுங்கள். 3.3 வோல்ட் காட்டினால் மின்சாரத்தைத் துண்டித்து ஃபிளாஷைச் செருகலாம்.

எஸ்பிஐயை மோட் 0-இலும் கிளாக்கை 1 மெகாஹெர்ட்ஸிலும் வையுங்கள். சிப் செலக்ட்டை லோ ஆக்கி, சிப்பின் அடையாள எண்ணைக் கேட்கும் 159 என்ற பைட்டை அனுப்புங்கள், தொடர்ந்து மூன்று பூஜ்யம். பதிலாக 239, 64, 23 வர வேண்டும். சில வகைகளில் நடு எண் 112 ஆக இருக்கும், அதுவும் சரியே.

மூன்றும் 255 அல்லது மூன்றும் 0 என்றால் ஃபிளாஷ் பதிலே சொல்லவில்லை. முதலில் 4050-இன் பின் 1-இல் சப்ளை இருக்கிறதா, சிப் செலக்ட் உண்மையிலேயே லோ ஆகிறதா என்று பாருங்கள். 222, 128, 46 வந்தால் ஒவ்வொரு பிட்டும் ஓரிடம் நகர்ந்திருக்கிறது: கிளாக் விளிம்பு அதிர்ந்து, ஒரு துடிப்பு கூடுதலாக எண்ணப்பட்டிருக்கிறது. ஒயரைச் சுருக்குங்கள், 4050-இன் பின் 2-க்கும் ஃபிளாஷின் பின் 6-க்கும் நடுவே 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள்.

படிப்பது சரியாக இருந்து எழுதும்போது மட்டும் பிழை வந்தால் சப்ளையைச் சந்தேகியுங்கள். எழுதும்போதும் அழிக்கும்போதும் சிப் 25 மில்லிஆம்ப் வரை இழுக்கக்கூடும், உனோவின் 3.3 வோல்ட் பின் மொத்தமே 50 மில்லிஆம்ப்தான் தரும். அதே பின்னில் வேறு மாட்யூலும் தொங்கினால் அதற்குத் தனி ரெகுலேட்டர் கொடுத்துவிடுங்கள்.