ஸ்டோரேஜ் வகுப்புக்கு விர்ச்சுவல் லேப்: குளோன் எடுக்கும் முன் இதைக் கவனியுங்கள்

ஸ்டோரேஜ் மேனேஜ்மென்ட் சொல்லிக்கொடுக்க நிஜ ஸ்டோரேஜ் அரே (பல டிஸ்க்குகள் அடங்கிய பெட்டி) எதுவும் வேண்டாம். ட்ரூநாஸ் (ஸ்டோரேஜ் சர்வருக்கான ஆபரேட்டிங் சிஸ்டம்) ஒரு விர்ச்சுவல் மெஷினில் (அதற்கு மட்டுமே 8 ஜிபி ராம் ஒதுக்குங்கள்), கூடவே இரண்டு லினக்ஸ் மெஷின்கள், அவ்வளவு போதும். டிஸ்க்குகளை டைனமிக்காக (எழுத எழுத வளரும்படி) உருவாக்கினால் 20 ஜிபி டிஸ்க் ஆறு வைத்தாலும் ஆரம்பத்தில் கொஞ்ச இடம்தான் பிடிக்கும்.

சிக்கல் வருவது குளோன் (மெஷினின் அச்சு நகல்) எடுக்கும்போதுதான். ஒரு லினக்ஸ் மெஷினில் ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைத் தரும் முறை) மென்பொருளை நிறுவிவிட்டு அதையே குளோன் செய்தால், இனிஷியேட்டர் பெயரும் (ஸ்டோரேஜிடம் அந்த மெஷினை அடையாளம் காட்டும் பெயர்) அப்படியே நகலாகிவிடும், அப்புறம் ஸ்டோரேஜ் பக்கம் இரண்டையும் ஒரே ஹோஸ்ட் (மெஷின்) என்று நினைத்துக்கொள்ளும், ஒருவருக்கு ஒதுக்கிய லன் (ஸ்டோரேஜ் தரும் டிஸ்க் பகுதி) இன்னொருவருக்கும் தெரியும், இரண்டு பேரும் அதே எக்ஸ்ட்4 வால்யூமை மவுன்ட் செய்து எழுதினால் ஃபைல் சிஸ்டம் காலி. அதனால் குளோன் எடுத்தவுடன் ஒவ்வொன்றிலும் இனிஷியேட்டர் பெயரை மாற்றி, ஐஸ்கஸி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியும் புதிதாக இருக்க வேண்டும்.

நெட்வொர்க் கார்டு இரண்டு கொடுங்கள், இரண்டும் வெவ்வேறு சப்நெட்டில் (நெட்வொர்க் பிரிவில்). மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்கு இரண்டு பாதைகள்) ஓடும்போது மாணவரையே ஒரு கார்டைத் துண்டிக்கச் சொன்னால், ஒரு பாதை ஃபெயில் ஆகியும் ஃபைல் காப்பி ஆவது தொடர்வதைக் கண்ணாலேயே பார்ப்பார்கள். எத்தனை ஸ்லைடு போட்டாலும் இது வராது.

ஸ்னாப்ஷாட் (மெஷினின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுப்பதாக இருந்தால் எல்லா மெஷின்களையும் அணைத்துவிட்டு ஒன்றாக எடுங்கள், திரும்பப் போகும்போதும் ஒன்றாகவே போங்கள். ஸ்டோரேஜை மட்டும் பின்னால் கொண்டுபோனால், ஹோஸ்ட் நினைவில் வைத்திருப்பதும் டிஸ்க்கில் இருப்பதும் ஒத்துப்போகாது.