பாசி எடுப்பவளுக்கு எதற்குக் கயல்விழி?

என் முதல் கதையின் நாயகி பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகிறவள். 'கயல்விழியாள், முத்துப்பல் அழகி' என்று எழுதி, அதே வேலைக்குப் போகிற ஓர் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "அம்புட்டு நேரம் முங்கி எந்திரிச்சவளுக்குக் கண்ணு செவந்துல்ல கெடக்கும்? மூஞ்சில கண்ணாடி அழுத்துன தடம் இருக்கும். அத எழுதலயே தம்பி!"

கதை எழுத வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். ஆளைப் பார்ப்பதற்குள் அடைமொழி வந்து உட்கார்ந்துவிடும். பாறை கிழித்துவிடாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் பாசி பறிப்பார்கள். கரையேறியதும் அந்த ஈரத்துணியைப் பல்லால் இழுத்து அவிழ்க்கிறாள் என்று எழுதுங்கள். உள்ளே வெளுத்துச் சுருங்கிய விரல்களும் தெரியும். அப்புறம் 'உழைப்பாளி' என்ற சொல் எதற்கு?

'கஞ்சன்', 'நல்லவர்' எல்லாம் தீர்ப்புகள். அது வாசகர் வேலை. ஏலம் முடிந்தபின் கூடையில் ஒட்டிக்கிடக்கும் ஒற்றைக் காரல் மீனைச் சுரண்டி எடுத்துக்கொள்கிறார் வியாபாரி. போதும்.

'கருத்த, உயர்ந்த, முரட்டு, கட்டுமஸ்தான மீனவர்' என்ற அடுக்கில் ஒருவர் முகமும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லாத ஒன்றை மட்டும் வையுங்கள். கரையோரத்தில் யார்தான் கருக்கவில்லை?

யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதையும் மறந்துவிடுகிறோம். ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்து மீனவப் பையன் தன் அப்பாவை 'உப்புக்காற்றில் காய்ந்த முகம்' என்று நினைக்கமாட்டான். அது ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வந்தவர் பார்வை. வலையில் ஒன்றும் படாத நாளில் அப்பா சோற்றை அளைந்துகொண்டே இருப்பதுதான் அவனுக்குத் தெரியும்.

உவமையிலும் கவனம் வேண்டும். 'மனம் கடலாய்க் கொந்தளித்தது' என்றால் தீவுக்காரர் எந்தக் கடல் என்று கேட்பார். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் சீறும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். ஆடி மாதக் கதையில் வாடையை வீசவிட்டவரையும் வாசித்திருக்கிறேன்.

நாள்காட்டியைப் பாருங்கள். இந்தக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதக் கதையில் விசைப்படகுத் தொழிலாளி மேல் மீன் கவுச்சி அடிக்காது. கரையேற்றிய படகுக்கு அடித்த பெயிண்ட் நகக்கண்ணில் பச்சையாய் ஒட்டியிருக்கும்.