வெல்டிங் ராடை வைக்கிறதுக்கு முன்னாடி பாருங்க: காஸ்ட் அயர்னா (வார்ப்பிரும்பு), ஸ்டீலா?

கால் உடைஞ்ச மோட்டார் பாடி, கிராக் விட்ட பம்ப் கேசிங், பழைய வைஸ்னு எது வெல்டிங்குக்கு வந்தாலும் உடனே சாதாரண ஸ்டீலுக்கு போடுற 6013 ராடை சொருகி இழுத்துடாதீங்க. எம்எஸ்ல (மைல்ட் ஸ்டீல், சாதாரண ஸ்டீல்) கார்பன் 0.25 சதவீதம் வரைக்கும்தான், காஸ்ட் அயர்ன்ல பெரும்பாலும் 2-லிருந்து 4 சதவீதம் வரைக்கும் இருக்கும், அந்த கார்பன் வெல்டுல கலந்து ஓரம் எல்லாம் கண்ணாடி மாதிரி விறைச்சுடும், ஆறும்போது டிக்குனு ஒரு சத்தம் கேட்டா பக்கத்துல புது கிராக் விட்டாச்சுன்னு அர்த்தம்.

எது எதுன்னு கண்டுபிடிக்க காந்தம் வேண்டாம், ரெண்டுலயும் ஒட்டும்.

முதல்ல கண்ணால பாருங்க. மேல சொரசொரன்னு மணல் தடம், புடைச்ச எழுத்து, ரெண்டு அச்சு சேர்ந்த கோடு இருந்தா அது வார்ப்பு. ஆனா காஸ்ட் ஸ்டீல்லயும் இதே கோடு, இதே எழுத்து இருக்கும், நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். உடைஞ்ச வாயை நல்லா பாருங்க, வளையாம பட்டுனு ஒடைஞ்சு, கருஞ்சாம்பல் கலர்ல பொரபொரன்னு இருந்து, புது உடைசல்ல விரலை தேச்சா கறுப்பா ஒட்டுச்சுன்னா பெரும்பாலும் கிரே காஸ்ட் அயர்ன்தான், அதாவது சாதாரணமா பாக்குற சாம்பல் வார்ப்பிரும்பு.

நான் கடைசியா நம்புறது ட்ரில்லைத்தான். வெளிய தெரியாத இடமா பாத்து 3 எம்எம் பிட்டுல எண்ணெய் ஊத்தாம மெதுவா கொஞ்சம் இறக்குங்க, கீழ ஒரு பேப்பர் வச்சுக்கோங்க. ஸ்டீல்னா சுருள் சுருளா வரும், கிரே காஸ்ட் அயர்ன்னா கறுப்பு பொடிதான் கொட்டும், பொடியும் இல்லாம சுருளும் இல்லாம குட்டி குட்டி துண்டா வந்தா எஸ்ஜி அயர்னா (அவ்வளவு சுலபமா உடையாத ஒரு வகை காஸ்ட் அயர்ன்) இருக்க வாய்ப்பு அதிகம். பிட் ஏறவே இல்ல, அரம் வச்சாலும் வழுக்குதுன்னா ஒயிட் அயர்னா (ரொம்ப கடினமான காஸ்ட் அயர்ன்) இருக்கலாம், இல்ல ஹார்டன் பண்ண ஸ்டீலா இருக்கலாம், ஒயிட் அயர்ன்னா அதை வெல்ட் பண்ணவே எடுக்காதீங்க.

ட்ரில் போட இடமே இல்லைன்னா கிரைண்டர். பக்கத்துல ஒரு எம்எஸ் ஆங்கிள் துண்டை வச்சுக்கிட்டு, ஒரே டிஸ்க்ல ஒரே அழுத்தத்துல ரெண்டையும் மாத்தி மாத்தி தொட்டுப் பாருங்க, தனியா ஒண்ணை மட்டும் பாத்தா பொறியோட நீளம் சரியா பிடிபடாது. எம்எஸ் பொறி நீளமா, மஞ்சளும் வெள்ளையுமா பறக்கும். காஸ்ட் அயர்ன் பொறி டிஸ்க்கிட்டயே செம்மஞ்சளா கிளம்பி, கொஞ்ச தூரத்துலயே சின்னதா வெடிச்சு அணைஞ்சிடும். கண்ணாடி போடாம குனியாதீங்க, வெளிச்சம் கம்மியான மூலையில பாத்தா கலர் நல்லா தெரியும்.

தட்டிப் பாக்குறதும் உண்டு, ஸ்டீல் கணீர்னு கேக்கும், கிரே அயர்ன் தொப்புனு கேக்கும், ஆனா எஸ்ஜியும் கணீர்னுதான் கேக்கும், போல்ட் மாட்டியிருந்தா எந்த சத்தமும் மந்தமாயிடும், அதனால இதை மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க.

காஸ்ட் அயர்ன்னு உறுதியாச்சுன்னா நிக்கல் ராடு வாங்குங்க, விலை ஜாஸ்திதான், ஆனாலும் அதுதான் தாங்கும். கிராக்கோட ரெண்டு முனையிலயும் சின்ன ஓட்டை போட்டுட்டு, ஒரு இன்ச்சுக்கு மேல ஒரே இழுப்புல இழுக்காம, சூடு இருக்கும்போதே ஒவ்வொரு தடவையும் சுத்தியலால லேசா தட்டி விட்டு, முடிஞ்சதும் தண்ணி காட்டாம காஞ்ச மணலுக்குள்ள புதைச்சு தானா ஆற விடுங்க.