லேன்டர்ன் டெக்கிடம் மாட்டினால்: முதல் கேமை எப்போது விடுவது?

‘மேஜிக்: தி கேதரிங்’ கார்டு விளையாட்டின் மாடர்ன் பிரிவில், எதிராளியைப் பூட்டிவைக்கும் லேன்டர்ன் கன்ட்ரோல் டெக்கிடம் (டெக் என்றால் ஆடும் கார்டுக் கட்டு) முதன்முறை மாட்டியபோது ஒரே கேமில் 38 நிமிடம் போனது. மூன்றில் இரண்டு கேம் ஜெயிக்க வேண்டிய ரவுண்டே 50 நிமிடம்தான். அதில் தோற்றேன், இரண்டாவது கேம் பாதியிலேயே நேரம் முடிந்துவிட்டது. கைகூடக் குலுக்காமல் எழுந்து வந்தேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆடத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: பூட்டைப் பாருங்கள்

லேன்டர்ன் ஆஃப் இன்சைட் இறங்கினால் இருவருடைய லைப்ரரியிலும் (கார்டு இழுக்கும் கட்டு) மேல் கார்டு திறந்தே இருக்கும். கோடெக்ஸ் ஷ்ரெடர் போன்ற ஆர்ட்டிஃபாக்ட்கள் (பொருள் வகைக் கார்டுகள்; எங்கள் கூட்டத்தில் இவை ‘கல்’) அந்தக் கார்டை கிரேவ்யார்டுக்கு, அதாவது கழித்த கார்டுக் குவியலுக்குத் தள்ளும். என்ஸ்னேரிங் பிரிட்ஜ் என்ற ஆர்ட்டிஃபாக்ட் வந்து, அதை இறக்கிய எதிராளியின் கையும் காலியானால், பவர் 1 உள்ள கிரியேச்சர்கூட அட்டாக் செய்ய முடியாது. எரிச்சல் வரும்தான். ஆனால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 2018இல் பில்பாவோ ப்ரோ டூர் போட்டியை லூயிஸ் சல்வாட்டோ இந்த டெக்கை வைத்துத்தான் ஜெயித்தார்.

படி 2: கல்லை எண்ணுங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். எதிராளியிடம் இரண்டு கல் இருந்தால், நாம் ஒரு கார்டு இழுக்கும் முன் இரண்டு நல்ல கார்டைத் தள்ளிவிடலாம். மூன்றாவதும் நல்லதாக இருந்தால்தான் நம் கைக்கு வரும். அன்று அவரிடம் நான்கு கல். என் டெக்கில் பிரிட்ஜை உடைக்கும் கார்டே மூன்று. மூன்றும் அடுத்தடுத்து வந்தாலும் மூன்றையும் தள்ளியிருப்பார்! இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் இருபது நிமிடம் ‘அடுத்தது வரும், அடுத்தது வரும்’ என்று உட்கார்ந்திருந்தேன்.

கணக்கு உதைக்கிறதா? சிரித்த முகத்தோடு கேமை விட்டுக்கொடுத்து அடுத்ததற்குப் போங்கள். கல் எண்ணிக்கையையும் நேரத்தையும் குறிக்க எனக்கு நோட்டும் பேனாவும்தான். போன் ஆப் பிடிக்காது.

படி 3: சைட்போர்டு (கேம்களுக்கு இடையில் மாற்றிக்கொள்ளும் கார்டுகள்)

வெள்ளை டெக் என்றால் ஸ்டோனி சைலன்ஸ். அது இறங்கியதும் ஆர்ட்டிஃபாக்ட்களை இயக்க முடியாது, கல் வெறும் கல்தான். சிவப்பு-பச்சைக்கு ஆர்ட்டிஃபாக்ட்டை உடைக்கும் ஏன்ஷியன்ட் கிரட்ஜ்: அவர் தள்ளிவிட்டாலும் கிரேவ்யார்டிலிருந்தே இன்னொரு முறை போடலாம், அதுதான் ஃபிளாஷ்பேக்.

பின்சேர்க்கை: எதிராளியிடம் கிராஃப்டிகர்ஸ் கேஜ் என்ற ஆர்ட்டிஃபாக்ட் இருந்தால் ஃபிளாஷ்பேக் வேலை செய்யாது என்று கமெண்டில் ஒருவர் சொன்னார். உண்மை. கிரட்ஜ் கையில் இருந்தால் முதலில் கேஜை உடையுங்கள்; பிறகு அதே கிரட்ஜ் ஃபிளாஷ்பேக்கில் பிரிட்ஜுக்கு.

படி 4: ஜட்ஜ்

எதிராளி ரொம்ப யோசித்தால் ஜட்ஜைக் கூப்பிடுவது கோள்மூட்டல் ஆகாது. மெதுவாக ஆடினால் வார்னிங். வேண்டுமென்றே நேரம் கடத்தினால்தான் டிஸ்குவாலிஃபை. அதனால் குற்றம் சாட்டாமல், ‘வேகத்தைக் கொஞ்சம் பாருங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். அன்று மெதுவாக ஆடியது அவர் இல்லை, நான்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இந்த டெக்கின் முக்கியக் கார்டான மாக்ஸ் ஓப்பலை 2020இல் மாடர்னில் தடை செய்தபோது இந்த டெக்கின் கதை முடிந்தது என்றே நினைத்தேன். 2024 டிசம்பரில் தடை நீங்கியது. போன மாதம் அதே ஆள், அதே டெக். 11வது நிமிடத்தில் முதல் கேமை விட்டேன். 1-2 தோல்விதான். ஆட்டம் முடிந்ததும் இருவருமாக டீ குடிக்கப் போனோம்.